கச்சான் பக்கற்றும் 115 மில்லிமீற்றரும்



பசியும் குழந்தைகளும் பற்றி நமது வானொலியில் நான் பேசிய பிறகு வந்த தொலைபேசி அழைப்புகளில் ஓர் அம்மாவின் கேள்வி மனதில் நின்றுவிட்டது. "தம்பி, நாங்கள் உண்டியலில போடுற காசுக்கு அரிசியோ பால்மாவோ வாங்கிக் குடுக்காமல், கச்சானை அரைச்சுப் பக்கற்றில அடைச்சுக் குடுக்கினமாமே, அது ஆற்றை வியாபாரம்?" நியாயமான கேள்வி. வானொலியில் அதற்கு அரை நிமிடந்தான் கிடைத்தது. ஆறுதலாகச் சொல்ல வேண்டிய பதில் என்பதால் இங்கே எழுதுகிறேன்.

முதலில், பசி என்று நாம் ஒரே சொல்லால் சொல்வது இரண்டு வேறு நிலைமைகளை. ஒன்று, வீட்டில் போதிய சாப்பாடு இல்லாமல் பிள்ளை மெலிந்துகொண்டு போவது. அதற்குக் கஞ்சி, பாடசாலை மதிய உணவு, சத்துமா எல்லாம் உதவும். இலங்கையில் 1973 இல் தொடங்கிய திரிபோஷா இந்த வகைதான். கிளினிக்கில் வாங்கிவந்த அந்த மாவைச் சீனியும் தேங்காய்ப்பூவும் போட்டு உருட்டித் தந்தது நம்மில் பலருக்கு இன்னும் நாக்கில் இருக்கும். (தாய்க்கென்று கொடுத்ததை வீட்டில் எல்லோருமாய்ச் சாப்பிட்டு முடித்ததும் நினைவிருக்கும்.)

மற்றது கடும் மந்தபோசணை. இது வெறும் பசியல்ல, நோய். உணவு கிடைக்காத உடம்பு முதலில் தன் கொழுப்பையும் பிறகு தன் தசையையும் எரித்து உயிரைப் பிடித்து வைத்திருக்கிறது. இருதயம் பலம் குன்றுகிறது, குடலின் உட்சுவர் மெலிகிறது, கிருமி தொற்றினாலும் காய்ச்சல் காட்டக்கூட உடம்புக்குத் தெம்பில்லை. இப்படிப்பட்ட பிள்ளைக்கு இரக்கப்பட்டு ஒரு கோப்பை நிறையச் சோறு கொடுத்தால் அதுவே ஆபத்தாகலாம். திடீரென்று வந்த உணவைக் கையாளுவதற்காக இரத்தத்திலுள்ள சில உப்புகள் கலங்களுக்குள் ஓடிவிட, இருதயம் தடுமாறி நின்றுபோகும். 1945 இல் ஜேர்மனியின் பேர்கன்-பெல்சன் முகாம் விடுவிக்கப்பட்டபோது, படையினர் கொடுத்த கொழுப்பு மிக்க உணவை உண்ட பின் இறந்த கைதிகள் உண்டு.

ஆகவே மருத்துவர்கள் இரண்டு பால்களைத் தயாரித்தார்கள். எப்-75 என்பது 100 மில்லிலீற்றரில் 75 கலோரி மட்டுமே உள்ள மெல்லிய பால். அதை இரண்டு மூன்று மணித்தியாலத்துக்கு ஒரு தடவை, இரவும் பகலும், சிறிது சிறிதாகக் கொடுப்பார்கள். உடம்பு தேறத் தொடங்கியதும் 100 கலோரி கொண்ட எப்-100. மருந்தாக இது நல்ல மருந்து, இன்றும் வைத்தியசாலைகளில் பயன்படுகிறது. ஆனால் கரைக்கச் சுத்தமான தண்ணீர் வேண்டும், கரைத்த பால் வெயிலில் சில மணித்தியாலத்தில் கெட்டுப்போகும். அதனால் வீட்டுக்குக் கொடுத்தனுப்ப முடியாது. தாயும் பிள்ளையும் வாரக்கணக்கில் நிலையத்திலேயே தங்க வேண்டும். வீட்டில் இருக்கிற மற்றப் பிள்ளைகளை யார் பார்ப்பது? விதைக்கிற காலத்தில் தோட்டத்தை யார் பார்ப்பது? நெருக்கமாகக் கிடக்கும் பிள்ளைகளிடையே சின்னமுத்தும் வயிற்றோட்டமும் வேறு பரவும். பலர் இடைநடுவில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போனார்கள், இன்னும் பலர் வரவேயில்லை.

1996 இல் அந்திரே பிரியான்ட் என்ற பிரெஞ்சு மருத்துவரும், நோர்மண்டியில் உள்ள நியூட்ரிசெட் நிறுவனத்தின் மிஷேல் லெஸ்கானும் இதற்கு வழி கண்டார்கள். இங்கே பிள்ளைகள் பாணில் பூசிச் சாப்பிடும் சொக்கலேற் பசையைப் பார்த்துத்தான் யோசனை பிறந்தது என்று சொல்வார்கள். எப்-100 பாலிலுள்ள பால்மாவில் ஒரு பகுதியை எடுத்துவிட்டுக் கச்சான் பசையைச் சேர்த்தார்கள். சீனி, தாவர எண்ணெய், விற்றமின்கள், தாது உப்புகள் கூடவே உண்டு. தண்ணீர் மட்டும் இல்லை. தண்ணீர் இல்லாத இடத்தில் கிருமி பெருகாது. காய்ச்ச வேண்டாம், கரைக்க வேண்டாம், குளிர்சாதனப் பெட்டி வேண்டாம். ஒரு பக்கற் 92 கிராம், 500 கலோரி. மூலையைக் கிழித்துக் கொடுத்தால் பிள்ளை தானே உறிஞ்சிச் சாப்பிடும். நானும் ஒரு தடவை சுவைத்துப் பார்த்திருக்கிறேன். கச்சான் அல்வாவை இளக்கிப் பால்மா தூவினால் எப்படியோ அப்படி. பெரியவர்களுக்குத் திகட்டும்.

பக்கற்றைவிட முக்கியமானது, அதைச் சுற்றி அமைத்த ஒழுங்கு. ஊர்ச் சுகாதார ஊழியர் ஆறு மாதத்துக்கும் ஐந்து வயதுக்கும் இடைப்பட்ட பிள்ளையின் மேற்கையில் ஒரு வர்ணப் பட்டியைச் சுற்றி அளக்கிறார். 125 மில்லிமீற்றருக்கு மேல் பச்சை. அதற்குக் கீழே மஞ்சள். 115க்குக் கீழே போனால் சிவப்பு. உங்கள் கட்டைவிரலையும் சுட்டுவிரலையும் வளைத்துச் சேர்த்துப் பாருங்கள், பெரும்பாலும் அந்த வளையத்தைவிடச் சின்னக் கை அது. பிறகு இரண்டு பாதங்களையும் அழுத்திப் பார்ப்பார். குழி விழுந்து அப்படியே நின்றால் வீக்கம், அதுவும் கடும் மந்தபோசணையின் அடையாளம். அடுத்துத் தாயின் மடியில் வைத்து ஒரு பக்கற்றைப் பிள்ளைக்குக் கொடுப்பார்கள். விரும்பிச் சாப்பிட்டு, வேறு கடுமையான வருத்தமும் இல்லையென்றால், ஒரு கிழமைக்கான பக்கற்றுகளையும் நுண்ணுயிர்க்கொல்லி மருந்தையும் கொடுத்து வீட்டுக்கு அனுப்புவார்கள். சாப்பிட மறுத்தால் வைத்தியசாலை, அங்கே பழைய பால். கிழமைக்கொரு தடவை நிறுவை. ஆறு முதல் எட்டுக் கிழமையில் பெரும்பாலான பிள்ளைகள் தேறிவிடுவார்கள். அதற்குச் சுமார் 150 பக்கற், அதாவது ஒரு பெட்டி. அண்மைய ஆண்டுகளில் பெட்டியின் விலை ஏறத்தாழ 40 முதல் 50 அமெரிக்க டொலர்.

இது பெரிய அளவில் பரீட்சிக்கப்பட்டது 2005 இல், நைஜரில். 2004 இல் வெட்டுக்கிளியும் வரட்சியும் சேர்ந்து தாக்கின. சந்தையில் தானியம் இருந்தது, வாங்க ஏழைகளிடம் காசு இல்லை. அந்த ஒரு வருடத்தில் எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பு 60,000க்கும் மேற்பட்ட பிள்ளைகளுக்குச் சிகிச்சை அளித்தது, பெரும்பாலும் வீட்டில் வைத்தே. பழைய முறையில் அத்தனை பிள்ளைகளுக்குக் கட்டில் போட எந்த நாட்டாலும் முடிந்திராது. 2007 இல் உலக சுகாதார நிறுவனமும் யுனிசெப்பும் உலக உணவுத் திட்டமும் ஐ.நா.வின் போசாக்குக் குழுவும் கூட்டறிக்கை விட்டு இம்முறையை ஏற்றன. பிற்காலத்தில் நைஜரில் அளவுப் பட்டியைத் தாய்மாரிடமே கொடுத்துப் பழக்கினார்கள். அவர்கள் அளந்தது ஊழியர் அளந்ததற்கு எந்த விதத்திலும் குறையவில்லை.

இனி வியாபாரம். ஆம், அதுவும் இருந்தது. செய்முறைக்கு நியூட்ரிசெட் காப்புரிமை பெற்றிருந்தது. நெடுங்காலம் யுனிசெப் பெரும்பகுதியை அவர்களிடமே வாங்கியது. இதற்கு எதிராக 2009 இல் அமெரிக்காவில் வழக்கும் போட்டார்கள். அதே 2009 இல் இந்திய அரசு யுனிசெப்பிடம் இந்தப் பக்கற்றுகளை விநியோகிக்க வேண்டாம் என்றது. உள்ளூர் உணவை விட்டு ஏன் வெளிநாட்டுப் பொட்டலம் என்பது அங்கே எழுந்த வாதம். அதில் உண்மை இருக்கிறது. ஆனால் கை ஏற்கெனவே சிவப்புக்குள் போய்விட்ட பிள்ளைக்கு அந்த வாதம் முடியும்வரை காத்திருக்க நேரமில்லை என்பது என் எண்ணம். உள்ளூரிலேயே செய்வதுதான் நடுவழி. மலாவியில் மார்க் மனாரி என்ற அமெரிக்கக் குழந்தை மருத்துவர் 2004 இல் தொடங்கிய அமைப்பு அங்கத்தைய கச்சானில் செய்தது, நைஜரிலும் தொழிற்சாலை வந்தது. சிக்கல் இல்லாமல் இல்லை. பால்மா இறக்குமதியாக வேண்டும். கச்சானில் பூஞ்சணம் பிடித்தால் அபிளடொக்சின் என்ற நஞ்சு சேரும், ஆகவே ஒவ்வொரு தொகுதியையும் சோதிக்க வேண்டும்.

பக்கற்றால் ஆகாததும் உண்டு. தேறிய பிள்ளை திரும்பிப் போவது அதே வெறும் அடுப்படிக்கு. சில மாதத்தில் மறுபடி மெலிந்து வருவதுண்டு. வீட்டில் இன்னும் மூன்று பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருக்க ஒன்றுக்கு மட்டும் கொடு என்றால் எந்தத் தாயால் முடியும்? அதனால்தான் சில திட்டங்கள் வீட்டுக்கும் சேர்த்துத் தானியமும் எண்ணெயும் கொடுக்கின்றன. நாம் கேட்கும் அரிசிக்கு இடம் அங்கே இருக்கிறது.

2025 இன் தொடக்கத்தில் அமெரிக்கா தன் வெளிநாட்டு உதவியை நிறுத்தி, யூஎஸ்எயிட் நிறுவனத்தையே மூடும் வேலையில் இறங்கியது. செய்து முடித்த கச்சான் பசைப் பெட்டிகள் றோட் ஐலண்ட் மாநிலத்துக் களஞ்சியத்தில் தேங்கிக் கிடந்தன. எட்டுக் கிழமைச் சிகிச்சையில் மூன்றாவது கிழமை பக்கற் வராவிட்டால் ஏறிய நிறை இறங்கத் தொடங்கும். இந்த இடைவெளியை நம் போன்றவர்களின் சில்லறை நிரப்பிவிடாது, ஆனாலும் எங்கே போடுகிறோம் என்று பார்த்துப் போடலாம். உண்டியலோடு வருபவரிடம் நான் கேட்பது எத்தனை பக்கற் கொடுத்தீர்கள் என்றல்ல. எத்தனை பிள்ளைகள் முழுவதும் தேறினார்கள், இடையில் வராமல் நின்ற பிள்ளைகளை வீடு தேடிப் போய்ப் பார்ப்பது யார் என்றுதான் கேட்பேன். அந்தக் கணக்கைக் கையில் வைத்திருப்பவர்கள் மறைக்காமல் சொல்வார்கள். சில அமைப்புகள் ஆண்டறிக்கையிலேயே அதைப் போடுகின்றன.