ஆஸ்திரியத் திராட்சைத் தோட்டங்கள் கற்பிக்கும் பாடம்

கைத்தறிச் சேலையாயினும் திராட்சைக் குலையாயினும், வாங்குபவர் அதனை விளைத்தவரின் நாணயத்தை நம்பியே விலை கொடுக்கிறார். ஒரு சிலரின் பேராசையால் அந்த நம்பிக்கை அனைவரிடமிருந்தும் பறிபோகக் கூடும். அவ்வாறு இழந்ததை மீண்டும் ஈட்டியவர்கள் ஆஸ்திரியா நாட்டுத் திராட்சைக் குடியானவர்கள். அவர்கள் செய்யும் பண்டம் மதுவாயிற்றே என்று அங்கத்தினர் ஐயுற வேண்டா. குடியைப் பரிந்துரைப்பது நமது நோக்கமன்று. அத்தொழிலின் வரலாற்றில் நமக்குள்ள படிப்பினையையே இங்கு எடுத்துரைக்கிறோம்.

ஆஸ்திரியாவில் திராட்சை பயிராவது பெரும்பாலும் கிழக்குப் பகுதியில். ஏறக்குறைய ஒரு லட்சத்துப் பத்தாயிரம் ஏக்கர் நிலத்தில் அது விளைகிறது. அதில் மூன்றில் ஒரு பங்கு அளவிற்குக் குரூனர் வெல்ட்லினர் என்னும் வெண்திராட்சை வகையே நிற்கிறது. தோட்டங்களில் பல, தலைமுறை தலைமுறையாக ஒரே குடும்பத்தாரின் கையில் உள்ளவை. தாம் விளைத்த மதுவைத் தம் வீட்டிலேயே விற்றுக்கொள்ளும் உரிமையை 1784-இல் இரண்டாம் ஜோசப் மன்னர் குடியானவர்களுக்கு அளித்தார். புது மது விற்பனைக்கு உண்டு என்பதற்கு அடையாளமாக வீட்டு வாயிலில் பசுங்கிளை தொங்கவிடும் வழக்கம் இன்றும் அங்கு உண்டு.

இந்நாட்டு வெண்மதுவில் பெரும்பகுதி 'உலர்ந்த' வகையைச் சேர்ந்தது. உலர்ந்தது என்றால் இனிப்பு எஞ்சாதது என்று பொருள். சுண்ணாம்பு தடவாத கலயத்தில் இறங்கும் பதநீர் கள்ளாக மாறுவதை நாம் அறிவோம். ஈஸ்ட் என்னும் நுண்ணுயிர் சர்க்கரையை உண்டு சாராயச் சத்தாகவும் கரியமில வாயுவாகவும் மாற்றுவதே இதற்குக் காரணம். திராட்சைச் சாற்றிலும் இதுவே நிகழ்கிறது. இறுதியில் லிட்டர் ஒன்றுக்கு 4 கிராமுக்கு மேற்படாத சர்க்கரை எஞ்சினால் அது உலர்ந்த மது. புளிப்பு போதிய அளவு இருப்பின் 9 கிராம் வரை ஐரோப்பிய விதி இடந்தருகிறது. இனிப்பு பல குறைகளை மறைக்கும். இனிப்பில்லாத மதுவிலோ பழத்தின் தரமும் செய்தவரின் கைத்திறனும் ஒளிவின்றித் தெரியும்.

ஆனால் 1980-ஆம் ஆண்டுகளின் தொடக்கத்தில் ஜெர்மனி நாட்டில் மலிவான இனிப்பு மதுவுக்கே கிராக்கி மிகுந்திருந்தது. அந்த ஆதாயத்தை நாடிய சில ஆஸ்திரிய உற்பத்தியாளரும் வியாபாரிகளும், நீர்த்த மதுவுக்கு இனிப்பும் செறிவும் உள்ளதுபோல் காட்ட டை எதிலீன் கிளைக்கால் என்னும் நச்சுப் பொருளைக் கலந்தனர். 1985 ஜூலையில் ஜெர்மன் அரசாங்கம் மக்களை எச்சரித்தது. எவரும் இறக்கவில்லையெனினும் ஆஸ்திரிய மதுவின் ஏற்றுமதி ஏறத்தாழ பத்தில் ஒரு பங்காகச் சரிந்தது. கலப்படம் செய்தவர் சிலர். கடையில் பண்டம் தேங்கியதோ நேர்மையாக உழைத்த ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்கு. அந்நஞ்சின் கொடுமையை நாமும் அறிவோம். 2025-இல் காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரான இருமல் மருந்தில் அதே பொருள் கலந்திருந்து, மத்தியப் பிரதேசத்தில் குழந்தைகள் பலர் மாண்டனர்.

ஆஸ்திரியர் செய்த பரிகாரம் யாது? அதே 1985-இல் கடுமையான மதுச் சட்டம் இயற்றினர். தரமான மது என்று விற்க வேண்டுமானால் முதலில் இரசாயனப் பரிசோதனையிலும், பிறகு சுவைப்போர் குழுவின் தேர்விலும் தேற வேண்டும். தேறியதற்குரிய அரசாங்க எண் புட்டியின் மீது அச்சிடப்படும். மூடியில் நாட்டுக் கொடியின் சிவப்பு, வெள்ளை, சிவப்பு நிறப்பட்டை இடம்பெறும். இனிப்புப் பூச்சை விட்டு உலர்ந்த வெண்மதுவையே தம் பெருமையாகக் கொண்டனர். டான்யூப் நதிக்கரையின் வாகௌ பள்ளத்தாக்கில், கல் அடுக்கிக் கட்டிய படிக்கட்டு நிலங்களில் பயிரிடும் சுமார் 250 குடும்பங்கள் ஒரே கூட்டுறவுச் சங்கத்தில் இணைந்து, தம் பழத்தைப் பொது ஆலையில் பிழிவித்துப் பொதுப் பெயரில் விற்கின்றன. இன்று ஆஸ்திரிய வெண்மது உலகச் சந்தையில் மதிப்புடன் விலைபோகிறது.

இனி நம் நிலையை நோக்குவோம். தேனி மாவட்டத்துக் கம்பம் பன்னீர் திராட்சை 2023-இல் புவிசார் குறியீடு பெற்றது. காஞ்சிபுரம் பட்டு 2005-லேயே பெற்றுவிட்டது. கைத்தறித் துணிக்கென 2006-இல் தனி முத்திரையும் ஏற்பட்டது. இவை தனி ஒருவரின் சொத்தல்ல. ஆகவே இவற்றைக் கெடுக்கும் உரிமையும் எவருக்கும் இல்லை. விசைத்தறித் துணியைக் கைத்தறி என்று கூறி விற்பவரும், வேற்றூர்ப் பழத்தைக் கம்பத்துப் பழம் என்று கூறி விற்பவரும் ஆஸ்திரியக் கலப்படக்காரருக்கு உடன்பிறப்புகளே ஆவர்.

நமது வியாசர்பாடிவாசிகளுக்கு வேறொரு நினைவும் உண்டு. பெரம்பூர்ப் பகுதியில் இயங்கிய பக்கிங்காம் கர்நாடிக் ஆலையின் காக்கித் துணி நாடெங்கும் பெயர் பெற்றிருந்தது. வியாசர்பாடி, புளியந்தோப்பு, பட்டாளம் குடும்பங்கள் பல அங்கு உழைத்து அந்தப் பெயரை வளர்த்தன. 1996-இல் ஆலை மூடப்பட்டபோது, பெயரை வளர்த்த கைகளுக்கு அப்பெயரில் பங்கு இருக்கவில்லை. கூட்டுறவுச் சங்கத்தின் பெயரோ அங்கத்தினர் அனைவருக்கும் உரியது. உரிமை நம்முடையதாதலின் காவலும் நம்முடையதே.

எனவே முத்திரையிடுமுன் பண்டத்தைச் சோதித்தல், எந்தத் தறி, எந்தத் தோட்டம் என்று கண்டறிய எண் இடுதல், தவறு செய்தவர் உறவினராயினும் நிர்வாகக் குழுவின்முன் நிறுத்துதல் ஆகிய மூன்றையும் ஒவ்வொரு சங்கமும் கைக்கொள்ள வேண்டுகிறோம். ஆஸ்திரியர் தம் சந்தையை இழந்த பின்னரே இவ்வழிக்கு வந்தனர். இழக்குமுன் அதனைக் கைக்கொள்ளும் வாய்ப்பு நமக்கு இருக்கிறது.