பத்துக் கட்டத்தையும் நிரப்பியே ஆகணுமா? அமெரிக்கக் கல்லூரிக்குத் தயாராகும் வீடுகளின் கவனத்துக்கு!

சனிக்கிழமை காலை செஸ், மாலை கீபோர்டு, ஞாயிறு கராத்தே, நடுவில் ரோபோட்டிக்ஸ். ப்ளஸ் டூ முடித்ததும் பிள்ளையை அமெரிக்காவில் படிக்க வைக்க நினைக்கும் பல வீடுகளில் வார இறுதி இப்படித்தான் ஓடுகிறது. ‘மார்க் மட்டும் போதாதாம், எக்ஸ்ட்ரா கரிகுலர் நிறைய வேணுமாம்’ என்கிறார்கள். அந்த ‘நிறைய’ எவ்வளவு?

விண்ணப்பம் என்ன கேட்கிறது?

ஆயிரத்துக்கும் மேற்பட்ட கல்லூரிகள் ஏற்கும் பொது விண்ணப்பம், ‘காமன் ஆப்’. இதில் பாடத்துக்கு வெளியே செய்தவற்றைச் சொல்ல 10 இடங்கள் உண்டு. பத்தையும் நிரப்பக் கட்டாயம் இல்லை. ஒவ்வொன்றையும் 150 எழுத்துகளுக்குள் விளக்க வேண்டும். எந்தெந்த வகுப்பில் செய்தீர்கள், வாரத்துக்கு எத்தனை மணி நேரம், வருடத்துக்கு எத்தனை வாரம் என்றும் கேட்பார்கள்.

சிக்கலே இங்கேதான். பத்துச் செயல்பாடுகள், ஒவ்வொன்றுக்கும் வாரம் 5 மணி நேரம் என்று எழுதினால் மொத்தம் 50 மணி நேரம். பள்ளி, டியூஷன், தூக்கம் போக அவ்வளவு நேரம் ஏது?

எம்.ஐ.டி-யின் தனி விண்ணப்பத்தில் நான்கு செயல்பாடுகளுக்கு மட்டுமே இடம். ஹார்வர்டு கல்வியியல் பள்ளியின் ஒரு குழு 2016-ல் வெளியிட்ட அறிக்கையும், இரண்டு மூன்றுக்கு மேல் காட்டியாக வேண்டும் என்ற நெருக்கடி மாணவர்களுக்கு இருக்கக் கூடாது என்றது.

எது எடுபடும்?

ஒரு மாணவர் ஆறு வகுப்புகளில் ஆறு மாதம் வீதம் சேர்ந்து, ஆறு சான்றிதழ் வாங்குகிறார். இன்னொருவர் ஒன்பதாம் வகுப்பிலிருந்து மிருதங்கம் மட்டும் கற்கிறார். ப்ளஸ் ஒன்னில் கோயில் நிகழ்ச்சிகளில் வாசிக்கிறார். ஞாயிறுதோறும் தெருப் பிள்ளைகளுக்குச் சொல்லித் தருகிறார். 150 எழுத்துகளில் சொல்ல யாரிடம் விஷயம் இருக்கிறது?

அதற்காக, ஐந்து வயதிலேயே ஒன்றில் கட்டிப்போட வேண்டாம். காமன் ஆப் கேட்பது 9 முதல் 12-ம் வகுப்பு வரைதான். எட்டாம் வகுப்பு வரை நாலையும் தொட்டுப் பார்க்கட்டும். அதன்பிறகு, நீங்கள் சொல்லாமலே எதற்குக் கிளம்புகிறார்களோ, அதைத் தொடரட்டும்.

வீட்டு வேலையும் கணக்கில் வரும்!

வகுப்புகளுக்குக் கட்டணம் கட்ட வசதியில்லையா? காமன் ஆப் பட்டியலில் குடும்பப் பொறுப்புகள், சம்பள வேலை இரண்டுக்கும் தனிப் பிரிவுகள் உள்ளன. மாலையில் அப்பாவின் கடையைப் பார்த்துக்கொள்வதும், படுக்கையில் இருக்கும் பாட்டியைக் கவனிப்பதும் அங்கே எழுத வேண்டியவையே. ‘இதெல்லாம் ஒரு விஷயமா’ என்று விட்டுவிடாதீர்கள்.

பணம் கட்டும் முன்...

எல்லாக் கல்லூரிகளும் இதற்கு ஒரே மதிப்பு தருவதில்லை. கல்லூரியின் பெயருடன் ‘காமன் டேட்டா செட்’ என்று தேடுங்கள். அதில் சி7 என்ற பகுதியில் பாடத்துக்கு வெளியேயான செயல்பாடுகள் ‘மிக முக்கியம்’, ‘முக்கியம்’, ‘கருதப்படும்’, ‘கருதப்படாது’ ஆகியவற்றில் எதில் வருகின்றன என்று பல கல்லூரிகள் வெளியிடுகின்றன.

நம்ம ஊர் பொறியியல் கலந்தாய்வு மட்டும்தான் இலக்கு என்றால், விளையாட்டு ஒதுக்கீடு போன்றவை தவிர, கட்-ஆஃப் மதிப்பெண்தான் பேசும். கீபோர்டு பிடித்திருந்தால் தாராளமாக வாசிக்கட்டும். சீட்டுக்காக என்றால், ஞாயிற்றுக்கிழமையை பிள்ளைக்கே விட்டுக்கொடுங்கள்.