தரவுத்தளத்திலிருந்து ஆவணம் வெளியிடும் மென்பொருள்கள்: ஓர் ஒப்பீடு

தரவுத்தள வெளியீடு என்பது, தரவுத்தளத்தில் வரிசை வரிசையாகச் சேமிக்கப்பட்டுள்ள தகவலை ஒரு வார்ப்புருவில் பொருத்தி, மனிதர் படிக்கத்தக்க ஆவணங்களாக மென்பொருளின் துணையுடன் உருவாக்கும் முறையாகும். மின்கட்டண ரசீது, மதிப்பெண் சான்றிதழ், வாக்காளர் பட்டியல் ஆகியவை இவ்வாறு உருவாகின்றன. இணையக் கலைக்களஞ்சியங்களில் உள்ள ஊர்க் கட்டுரைகளில் பெரும்பகுதியும் இவ்வாறு பிறந்தவையே. தேனி மாவட்டத்தில் உத்தமபாளையத்துக்கும் கம்பத்துக்கும் இடையே நெடுஞ்சாலையில் அமைந்துள்ள அனுமந்தன்பட்டி போன்ற ஒரு பேரூராட்சியைப் பற்றி இணையத்தில் தேடுபவர் முதலில் காண்பது, பெரும்பாலும் ஒருவர் உட்கார்ந்து எழுதிய பத்தியாக இருக்காது. கணக்கெடுப்பு அட்டவணையின் ஒரு வரிசை வாக்கியமாக மாறியதாகவே இருக்கும்.

இதற்கான மென்பொருள்களை ஒப்பிடும்போது வசதிகளின் பட்டியலைப் பார்ப்பதே வழக்கம். அதைவிடப் பயனுள்ள கேள்வி ஒன்று உண்டு: மூலத் தரவு மாறினால், வெளியான ஆவணம் என்ன ஆகும்? இக்கேள்விக்கான விடையைக் கொண்டு இம்மென்பொருள்களை இரண்டாகப் பிரிக்கலாம். ஒரு வகை ஆவணத்தை ஒருமுறை உருவாக்கிவிட்டுத் தரவுடனான தொடர்பை அறுத்துக்கொள்கிறது. மற்றொன்று தொடர்பைத் தக்கவைத்துக்கொள்கிறது.

ஒருமுறை எழுதும் தானியங்கிகள்

2002ஆம் ஆண்டு ஆங்கில விக்கிப்பீடியாவில் ராம்பாட் என்னும் தானியங்கி, அமெரிக்கக் கணக்கெடுப்புத் தரவைக் கொண்டு ஏறத்தாழ 30,000 ஊர்க் கட்டுரைகளை உருவாக்கியது. பின்னர் எல்எஸ்ஜேபாட் என்னும் தானியங்கி சுவீடிய, செபுவானோ மொழி விக்கிப்பீடியாக்களில் இலட்சக்கணக்கான கட்டுரைகளைச் சேர்த்தது. தமிழ் விக்கிப்பீடியாவில் தமிழ்நாட்டின் 12,500-க்கும் மேற்பட்ட சிற்றூராட்சிகளுக்கான கட்டுரைகள், ஊரக வளர்ச்சி மற்றும் ஊராட்சித் துறையின் 2015ஆம் ஆண்டுத் தகவலையும் 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பையும் ஒரே வார்ப்புருவில் பொருத்தி உருவாக்கப்பட்டவை. அனுமந்தன்பட்டி பேரூராட்சி என்பதால் அந்தத் துறையின் தரவில் அது வராது. பேரூராட்சிகளுக்குத் தனி இயக்ககமும் தனி அட்டவணைகளும் உள்ளன. ஒரே பள்ளத்தாக்கில் அடுத்தடுத்து உள்ள இரண்டு ஊர்களின் கட்டுரைகள் வேறு வேறு அமைப்பில் இருப்பதற்கு, ஊர்களின் தன்மையைவிடத் துறைகளின் எல்லையே காரணம்.

இவ்வகைப் பணிக்குப் பரவலாகப் பயன்படுவது பைத்தான் மொழியில் எழுதப்பட்ட பைவிக்கிபாட். விரிதாளில் உள்ள ஒவ்வொரு வரிசையையும் படித்து, வார்ப்புருவில் நிரப்பி, பக்கமாகச் சேமிக்கும் நிரலைச் சில மணி நேரத்தில் எழுதிவிடலாம். ஆட்டோவிக்கிபிரவுசர் நிரல் எழுதத் தெரியாதவரும் பயன்படுத்தத்தக்கது. ஒவ்வொரு திருத்தத்தையும் கண்ணால் பார்த்து அழுத்த வேண்டியிருப்பதால் அது மெதுவானது, அதனாலேயே பாதுகாப்பானது.

இவ்வகையின் குறை வேகத்தில்தான் இருக்கிறது. 2001 கணக்கெடுப்பை ஒட்டி உருவான இந்திய ஊர்க் கட்டுரைகள் பலவற்றில், அவ்வூரின் எழுத்தறிவு தேசியச் சராசரியான 59.5 விழுக்காட்டைவிட அதிகம் அல்லது குறைவு என்று ஒரு வாக்கியம் காணப்படும். ஆனால் 2001 கணக்கெடுப்பு அறிவித்த தேசிய எழுத்தறிவு வீதம், ஏழு வயதுக்கு மேற்பட்டோருக்கு 64.8 விழுக்காடு. அந்த 59.5 தரவுத்தளத்தின் எந்தப் புலத்திலும் இருக்கவில்லை. வார்ப்புருவின் வாக்கியத்திலேயே தட்டச்சிடப்பட்டிருந்தது. எனவே தரவைச் சரிபார்த்தாலும் பிழை அகப்படாது. 62 விழுக்காடு உள்ள ஊர் தேசியச் சராசரியைத் தாண்டிவிட்டதாகக் கட்டுரை சொல்லும், மாணவர் அதைத் தம் செயல்திட்ட ஏட்டில் எழுதிக்கொள்வார். வார்ப்புருவில் நிலையான எண் எதையும் எழுதாமல், ஒப்பீட்டு எண்ணையும் ஆண்டுடன் தனிப் புலமாக வைப்பதே இதற்கு மாற்று.

தொடர்பைத் தக்கவைக்கும் முறைகள்

2012 அக்டோபரில் தொடங்கப்பட்ட விக்கித்தரவு இந்தச் சிக்கலை வேறு வழியில் அணுகுகிறது. மக்கள்தொகை எண் விக்கித்தரவில், எந்த ஆண்டுக்குரியது என்ற குறிப்புடன் ஒரே இடத்தில் இருக்கும். கட்டுரையின் தகவற்சட்டம் லுவா நிரற்கூறு வழியாக அதை எடுத்துக் காட்டும். எண் அங்கே மாறினால், அதை அழைக்கும் எல்லா மொழிக் கட்டுரைகளிலும் மாறும். லிஸ்டீரியா என்னும் தானியங்கி இதே தரவிலிருந்து பட்டியல்களை உருவாக்கி அவ்வப்போது புதுப்பிக்கிறது. ஆனால் லிஸ்டீரியா உருவாக்கிய பட்டியலுக்குள் ஒருவர் கையால் செய்யும் திருத்தம் அடுத்த புதுப்பிப்பில் அழிந்துவிடும். திருத்த வேண்டிய இடம் விக்கித்தரவு என்பது தெரியாத புதியவர் இருமுறை திருத்திப் பார்த்துவிட்டுச் சலித்துப் போவார். விக்கித்தரவில் யாரேனும் எண்ணைக் கெடுத்தால், அந்த மாற்றம் தமிழ்க் கட்டுரையின் வரலாற்றுப் பக்கத்தில் பதிவாகாது என்பது மற்றொரு குறை.

சொந்தமாக விக்கி நடத்தும் கல்லூரியோ நூலகமோ செமாண்டிக் மீடியாவிக்கி அல்லது கார்கோ நீட்சியைப் பயன்படுத்தலாம். இரண்டில் கார்கோ எளிது. தரவை வழக்கமான எஸ்கியூஎல் அட்டவணைகளில் வைப்பதால், ஏற்கெனவே எஸ்கியூஎல் படித்த மாணவருக்குப் புதிதாகக் கற்க அதிகம் இல்லை.

வேற்றுமை உருபு

எல்லா மென்பொருள்களும் ஒரே மாதிரி தடுமாறும் இடம் ஒன்று உண்டு. ஆங்கில வார்ப்புருவில் ஊர்ப்பெயர் எங்கே வந்தாலும் மாறாது. தமிழில் ‘இல்’ உருபு சேரும்போது அனுமந்தன்பட்டி ‘அனுமந்தன்பட்டியில்’ ஆகிறது. கம்பமோ ‘கம்பத்தில்’, தேவாரம் ‘தேவாரத்தில்’, கூடலூர் ‘கூடலூரில்’, வருசநாடு ‘வருசநாட்டில்’ என்று ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாகத் திரிகிறது. பெயரையும் உருபையும் வெறுமனே ஒட்டும் வார்ப்புரு ‘கம்பம்இல்’ என்று அச்சிடும். இதைத் தவிர்க்கவே தானியங்கிக் கட்டுரைகள் ‘இந்த ஊராட்சி’, ‘என்னும் ஊரில்’ என்று சுற்றி வளைத்துப் பேசுகின்றன. அவற்றின் உயிரற்ற நடைக்குப் பாதிக் காரணம் இதுதான்.

இதற்கு விதிகள் எழுதுவது அவ்வளவு கடினமன்று. ‘ம்’ என முடிந்தால் அத்துச் சாரியை, இகர ஐகார ஈறுகளுக்கு யகர உடம்படுமெய், ‘டு’, ‘று’ என முடியும் பெயர்களில் பலவற்றுக்கு ஒற்று இரட்டித்தல், மெய்யீற்றின் மேல் உயிர் ஏறுதல் என்ற நான்கு விதிகள் பள்ளத்தாக்கின் பெரும்பாலான ஊர்ப்பெயர்களுக்குப் போதும். ‘பர்மிங்காம்’ போன்ற பெயர் வந்தால் முதல் விதி தோற்கும். ஆகவே விதியால் உருவான வடிவத்தைத் தரவுத்தளத்திலேயே தனிப் புலமாகச் சேமித்து, ஒருவர் படித்துத் திருத்திய பிறகு வெளியிடுவது நல்லது. ஜின்ஜா போன்ற வார்ப்புரு மொழிகளில் சொந்தச் செயற்கூறுகளைச் சேர்க்க முடியும். மெயில் மெர்ஜில் இதைச் செய்வது கடினம் என்பதால் திரிந்த வடிவத்தை விரிதாளிலேயே தயாரித்துக் கொடுக்க வேண்டும்.

அச்சுக்கும் பிடிஎஃப் வடிவத்துக்கும்

‘கோம்பை’ என்ற ஊர்ப்பெயரைத் தேர்வுச் சொல்லாக வைத்துக்கொண்டால், எந்தப் பிடிஎஃப் கருவியையும் ஒரு நிமிடத்தில் சோதித்துவிடலாம். ஓகாரக் குறி ககரத்தின் இருபுறமும் பிரிந்து நிற்க வேண்டும், ஐகாரக் குறி பகரத்துக்கு முன்னே வர வேண்டும். எழுத்துகளை இவ்வாறு அடுக்கும் பணியை ஹார்ஃப்பஸ் என்னும் திறமூல நிரலகம் செய்கிறது. லிபர் ஆபீஸ் 2017இல் வெளியான 5.3 பதிப்பிலிருந்து எல்லா இயங்குதளங்களிலும் இதைப் பயன்படுத்துகிறது. சீடெக், குரோம் உலாவி, வீசிபிரின்ட் ஆகியவையும் இதையே நம்பியுள்ளன.

அலுவலகங்களில் பரவலாக உள்ள ஜாஸ்பர்ரிப்போர்ட்ஸ், தரவுத்தளத்துடன் நேரடியாகப் பேசும். வார்டு வாரியாகத் தொகுத்தல், பக்கந்தோறும் கூட்டுத்தொகை ஆகியவற்றில் அதற்கு இணை குறைவு. ஆனால் அதன் பழைய பதிப்புகள் சார்ந்திருந்த ஐடெக்ஸ்ட் 2.1.7, தமிழ் எழுத்துகளை அடுக்கத் தெரியாதது. குறிகள் இடம் மாறிய ‘கோம்பை’ அதில்தான் அடிக்கடி தென்படும். டபிள்யூகேஎச்டிஎம்எல்டுபிடிஎஃப் இன்னும் பல பாடக்குறிப்புகளில் பரிந்துரைக்கப்படுகிறது. அதன் வளர்ச்சி நின்று, 2023இல் களஞ்சியமும் மூடப்பட்டுவிட்டதால் புதிய பணிக்கு அது வேண்டாம்.

இருநூறு அழைப்பிதழுக்கு லிபர் ஆபீஸின் மெயில் மெர்ஜ் போதும். அடிக்குறிப்பும் சொல்லடைவும் கொண்ட நூலுக்குச் சீடெக்கை விஞ்ச முடியாது, கற்கும் காலம்தான் நீளும். மற்றவற்றுக்கு ஜின்ஜாவில் எச்டிஎம்எல் உருவாக்கி வீசிபிரின்ட் வழியாகப் பிடிஎஃப் ஆக்குவதே மாணவர்களுக்கு ஏற்றது. ஒரே வார்ப்புரு இணையப் பக்கத்துக்கும் அச்சுக்கும் உதவும்.

அச்சு சரியாக இருந்தால் மட்டும் போதாது. பிடிஎஃப் கோப்பிலிருந்து சொல்லை நகலெடுத்து வேறிடத்தில் ஒட்டிப் பார்க்க வேண்டும். குறி முன்னும் பின்னுமாக விழுந்தால், தேடலில் அச்சொல் கிடைக்காது. சில சமயம் தேட முடியாமல் இருப்பதே நோக்கமாகவும் இருக்கலாம். தேர்தல் ஆணையம் 2018 முதல் வாக்காளர் பட்டியலைப் படவடிவப் பிடிஎஃப் கோப்பாக வெளியிடச் செய்தது. தேடத்தக்க வடிவில் தரவேண்டும் என்ற கோரிக்கையை அதே ஆண்டு உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. தரவுத்தளத்தில் எழுத்தாக இருக்கும் பெயர் வெளியீட்டில் வெறும் படமாகிறது.

அகரவரிசையும் அடையாளக் குறியீடும்

யூனிகோடு எண் வரிசையில் னகரம் பகரத்துக்கும் முன்னே வருகிறது. அதனால் சிலமலையும் சின்னமனூரும் உள்ள பட்டியலில் சின்னமனூர் முதலில் வந்துவிடும். தமிழ் நெடுங்கணக்கின்படி சிலமலையே முதலில் வர வேண்டும். போஸ்ட்கிரெஸ் 10ஆம் பதிப்பிலிருந்து ஐசியூ நிரலகத்தின் தமிழ் வரிசை முறையைத் தேர்ந்தெடுக்க முடிவதால், இப்பிழையைத் தரவுத்தளத்திலேயே தீர்க்கலாம்.

பெயரை அடையாளமாகக் கொள்வது மற்றொரு பொறி. அனுமந்தன்பட்டி சில ஆவணங்களில் அனுமந்தம்பட்டி என்றும், சிலவற்றில் ஹனுமந்தன்பட்டி என்றும் உள்ளது. கம்பத்தை அடுத்த புதுப்பட்டிக்கோ, அதே பெயரில் தமிழ்நாடெங்கும் ஊர்கள் உள்ளன. 2011 கணக்கெடுப்பு ஒவ்வோர் ஊருக்கும் ஆறு இலக்கக் குறியீடு தந்துள்ளது. இந்திய அரசின் ஊராட்சி அமைச்சகம் பராமரிக்கும் உள்ளாட்சி விவரத் தொகுப்பிலும் பேரூராட்சிகள் உட்பட ஒவ்வோர் அமைப்புக்கும் தனி எண் உண்டு. வார்ப்புருவை வடிவமைக்கும் முன் இவ்விரு எண்களையும் தரவில் சேர்த்துவிட வேண்டும்.

அடுத்த கணக்கெடுப்பின் குறிப்பு நாள் 2027 மார்ச் 1 என அறிவிக்கப்பட்டுள்ளது. அதன் அட்டவணைகள் வெளியாகும்போது, குறியீடு சேர்க்கப்பட்ட ஊர்களின் எண்கள் ஒரே வினவலில் புதுப்பிக்கப்படும். மற்ற ஊர்களின் கட்டுரைகளை யாரேனும் ஒவ்வொன்றாகத் திறந்து திருத்த வேண்டியிருக்கும்.