வயதும் வினையும்: மின்னணு மருத்துவப் பதிவில் ஒரு மொழிபெயர்ப்புச் சிக்கல்

1. முன்னுரை

2024ஆம் ஆண்டில் ஸ்ரீ விஜய புரம் எனப் பெயர் மாற்றப்பெற்ற போர்ட் பிளேயரை அடுத்து, தெற்கு அந்தமான் மாவட்டத்தில் அமைந்துள்ள ஊர் புரோத்ராபூர். தமிழ், வங்காளம், தெலுங்கு, இந்தி முதலிய மொழிகளைப் பேசுவோர் இப்பகுதியில் அருகருகே வாழ்கின்றனர். இந்தி அவர்களுக்குப் பொதுமொழியாக உதவுகிறது. முதியவர் ஒருவர் தம் வயதைத் தமிழில் கூற, அதனை மற்றொருவர் இந்தியில் எடுத்துரைக்க, ஆங்கிலக் கணினிப் படிவத்தில் அது எண்ணாகப் பதிவாவது இத்தகைய சூழலில் இயல்பே. இந்நிலைமாற்றத்தில் பொருள் எவ்வாறு குறைகிறது என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

2. வினை உணர்த்தும் பொருள்

தமிழில் வயதை எண் மட்டும் உணர்த்துவதில்லை. அதனோடு இயையும் வினையும் சேர்ந்தே உணர்த்துகிறது. ‘எழுபது முடிந்தது’ என்பது நிறைவைக் குறிக்கும். ‘எழுபது நடக்கிறது’ என்றால் நிறைந்தது அறுபத்தொன்பதே. ‘எழுபது ஆகிறது’ என்பது இரண்டிற்கும் இடந்தரும். படிவமோ எண்ணை ஏற்று வினையை விட்டுவிடுகிறது. 15.6.2025 அன்று ‘எழுபது முடிந்தது’ என்று கூறியவர் 16.6.1954 முதல் 15.6.1955 வரையுள்ள காலத்தில் பிறந்தவர். ‘எழுபது நடக்கிறது’ என்றவர் அதற்கு அடுத்த ஓராண்டில் பிறந்தவர். இருவருக்கும் பதிவில் 70 என்ற ஒரே எண்தான் நிற்கும். ஆயுஷ்மான் பாரத் காப்பீடு 2024 அக்டோபரில் எழுபது வயதினர்க்கும் அதற்கு மேற்பட்டோர்க்கும் விரிவாக்கப்பட்டதை நோக்கின், இவ்வோராண்டு வேறுபாட்டின் பயன் புலப்படும்.

3. எண்ணும் வரிசையெண்ணும்

குழந்தையின் வயதில் இச்சிக்கல் மேலும் நுட்பமானது. தேசியத் தடுப்பூசி அட்டவணையில் தட்டம்மை–ரூபெல்லா முதல் தவணைக்கு ஒன்பது மாதம் நிறைந்திருத்தல் வேண்டும். ‘ஒன்பதாம் மாதம்’ என்று தாய் கூறும் குழந்தைக்கோ எட்டு மாதமே நிறைந்துள்ளது. தாயிடமிருந்து பெற்ற எதிர்ப்புப்பொருள் குழந்தையின் உடலில் எஞ்சியிருக்கும் காலத்தில் இடும் தட்டம்மைத் தடுப்பூசி முழுப்பயன் தராது போகலாம். ‘ஆம்’ என்னும் ஒரு விகுதியை விட்டுப் பெயர்ப்பதால் ஒரு மாதம் பிறழ்கிறது.

4. அறிந்ததும் அறியாததும்

பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம் 1969இல் இயற்றப்பட்டது. அதற்கு முன் பிறந்தோர் பலரிடம் பிறப்புச் சான்று இல்லை. எச்.எல்.7 அமைப்பின் ‘ஃபயர்’ தரத்தில் பிறந்த ஆண்டையோ, ஆண்டையும் மாதத்தையுமோ மட்டும் குறிக்க இடமுண்டு. ஆனால் முழுத்தேதியைக் கட்டாயமாக்கும் மென்பொருளில் சனவரி 1 என நிரப்பிவிட்டால், பின்னர்ப் படிப்பவர்க்கு அதுவே உண்மைப் பிறந்தநாளாகத் தோன்றும். அறியாமை அறிவாக மாறிவிடும். ‘பார்த்திப வருடம் பிறந்தேன்’ என்று கூறும் எண்பது வயதினர் தெளிவான செய்தியையே தருகிறார். எனினும் அவ்வருடம் 1945 ஏப்ரல் முதல் 1946 ஏப்ரல் வரை நீள்வதால், ஆண்டுக்கான கட்டம் ஒன்றில் அது அடங்குவதில்லை.

5. முடிவுரை

படிவங்களை மொழிபெயர்ப்போர் ‘வயது’ என்று மட்டும் எழுதாமல் ‘நிறைந்த வயது’ என எழுதுதல் நலம். ‘கடைசிப் பிறந்தநாளில் எத்தனை வயது நிறைந்தது?’ என்பதே வினாவாக அமையலாம். இந்திய மக்கள்தொகைக் கணக்கெடுப்பும் நிறைந்த ஆண்டையே கொள்கிறது. கூறிய வயதோடு அதனைக் கூறிய தேதியும் இடம்பெற வேண்டும். தேதியற்ற வயது அடுத்த ஆண்டே பொய்யாகிவிடும். ஊகித்த தேதியை ஊகம் என்றே குறித்தல் வேண்டும். இயலுமிடத்து நோயாளி கூறிய தொடரையும் அவ்வாறே பதிந்து வைத்தால், ஐயம் எழும்போது மூலத்தை நோக்கித் திருத்திக்கொள்ள இயலும்.