ஊசியிலை ஏன் பழுத்தது?

இப்போது ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாறியிருக்கும் போர்ட் பிளேரில், ஹாடோ துறைமுகம் கண்ணுக்குத் தெரியும்படியான ஒரு சரிவில் வீடு கட்டிக்கொண்டு முப்பது வருஷமாக வாசம் செய்துவரும் என் நண்பர், தம் வீட்டு வாசலில் நிற்கும் ‘கிறிஸ்துமஸ் மரம்’ அடியிலிருந்து பழுத்துக்கொண்டு வருகிறதென்றும், கடைக்காரர் கொடுத்த மருந்தையெல்லாம் அடித்துப் பார்த்தாயிற்றென்றும், ஒரு நடை வந்து பார்த்துவிட்டுப் போகவேண்டுமென்றும் மழைக்காலத்தின் கடைசியில் சொல்லியனுப்பினார். நான் போய் நின்றதும் அவருடைய மனைவியார், “மருந்து வாங்கினதுதான் மிச்சம், அண்ணே. நாளுக்கு நாள் கருகிக்கிட்டே போகுது” என்றார். ராமநாதபுரம் சீமையை விட்டு இரண்டு தலைமுறை ஆகியும் அந்த ‘அண்ணே’ மட்டும் கப்பலில் கரையாமல் வந்து சேர்ந்திருக்கிறது.

ஊசியிலை மரங்கள் பழுப்பதைப் பற்றி மேல்நாட்டார் எழுதிவைத்திருப்பதில் பெரும்பகுதி ஸ்புரூஸ் மரத்தைப் பற்றியது. அது குளிர்தேசத்து விருட்சம்; நம் தேசத்தில் இமாசலத்துச் சரிவுகளில் தேவதாருவுக்குத் துணையாக நிற்பது; அங்குள்ளவர்கள் அதை ‘ராய்’ என்று அழைக்கிறார்கள். அந்தமானின் புழுக்கத்தில் அது பிழைக்காது. ஆகவே இங்கே கிறிஸ்துமஸ் மரமென்று நாற்றுப்பண்ணைகளில் விலைக்கு வருவது அராக்கேரியா என்னும் தென்பசிபிக் மரம். நண்பரிடம் அதை விற்றவர் ‘நார்ஃபோக் பைன்’ என்று சொல்லியிருந்தார். ஆஸ்திரேலியாவுக்குக் கிழக்கேயுள்ள நார்ஃபோக் தீவை 1774-ல் கண்ட காப்டன் குக், அங்கே ஓங்கி வளர்ந்திருந்த மரங்களைப் பார்த்து, கப்பலுக்குப் பாய்மரம் கிடைத்துவிட்டதென்று மகிழ்ந்தார். பிற்பாடு வெட்டிப் பார்த்தபோது அது சுலபத்தில் முறியும் சுபாவமுடையதென்று தெரிந்தது. ஆங்கிலேயர் அந்தத் தீவையும் கைதிகளின் தீவாகவே வைத்திருந்து 1855-ல் காலிசெய்தார்கள். 1858-ல் போர்ட் பிளேரில் கைதிகளைக் கொண்டுவந்து இறக்கினார்கள். ஒரு சிறைத்தீவின் மரம் இன்னொரு சிறைத்தீவின் வாசலில் அலங்காரமாக நிற்பதை எண்ணிக் கொஞ்சநேரம் பேசாமல் நின்றேன்.

அந்த எண்ணமும் நெடுநேரம் நிலைக்கவில்லை. மரம் தெற்கே சற்றுச் சாய்ந்திருந்தது. அதையும் நோயின் அடையாளமென்று கருதி நண்பர் கயிறு கட்டி இழுத்து வைத்திருந்தார். நார்ஃபோக் பைன் என்ற பெயரில் விலைபோகும் கன்றுகளில் பல, உள்ளபடி நியூ கலிடோனியாவிலிருந்து பரவிய ‘குக் பைன்’ என்னும் உறவுக்கார மரம். அதற்கு ஒரு விசித்திரமான குணம் உண்டு: உலகில் எங்கே நட்டாலும் பூமத்திய ரேகையை நோக்கியே சாயும். ஐந்து கண்டங்களில் 256 மரங்களை அளந்து 2017-ல் வெளியான ஆராய்ச்சி, சாய்வு சராசரி எட்டரை டிகிரி என்று கூறுகிறது. பூமத்திய ரேகை போர்ட் பிளேருக்குத் தெற்கேதான் இருக்கிறது. கயிற்றை அவிழ்க்கச் சொன்னேன்.

இனி ரோக நிர்ணயம். எந்த மருந்து என்று கேட்பதற்கு முன்னால், மரத்தில் எந்த இடம் முதலில் பழுத்தது என்று கேட்கவேண்டும் என்பது என் அபிப்பிராயம். அமெரிக்காவின் வறண்ட ராக்கி மலைகளிலிருந்து, ஈரமிகுந்த கிழக்குப் பிரதேசத்துத் தோட்டங்களுக்குக் கொண்டுபோகப்பட்ட நீல ஸ்புரூஸ் மரங்களில், அடிக்கிளைகளின் உட்புறத்திலுள்ள பழைய ஊசிகள் மட்டும் ஊதா கலந்த பழுப்பாகி, பூதக்கண்ணாடியில் பார்த்தால் ஊசியின் சுவாசத் துளைகளிலிருந்து கறுப்புப் புள்ளிகள் வரிவரியாக எட்டிப்பார்க்குமானால், அது பூஞ்சணத்தின் வேலை. ஊசிகள் தூசு படிந்தாற்போல் வெளிறி, கிளையின்கீழ் வெள்ளைக் காகிதத்தைப் பிடித்துத் தட்டும்போது விழுந்த புள்ளிகள் நகர ஆரம்பித்தால், அது சிலந்திப்பேன். ஒரு திசையை நோக்கிய கிளைகள் மட்டும் நுனியிலிருந்து கருகினால், அந்தத் திசையிலிருந்து வரும் காற்றைச் சந்தேகிக்கவேண்டும்.

நண்பரின் மரத்தில் அடித்தட்டுகள் இரண்டும் சுற்றிலும் ஒரே சீராகத் தொய்ந்து பழுத்திருந்தன. கடலைப் பார்த்த பக்கத்துக்கும் வீட்டைப் பார்த்த பக்கத்துக்கும் வித்தியாசம் இல்லை. உச்சி பச்சையாகவே இருந்தது. காகிதத்தில் விழுந்த தூசு விழுந்த இடத்திலேயே கிடந்தது. ஆகவே இலையை விட்டுவிட்டு அடிமரத்துக்கு வந்தேன். ஒரு மரம் மண்ணுக்குள் இறங்கும் இடத்தில் யானைக்கால் போல் அகன்று, வேர்கள் புடைத்துத் தெரியவேண்டும். இந்த மரமோ நட்டுவைத்த மின்கம்பம் போல் நேராக உள்ளே போயிற்று. விசாரித்ததில், முற்றத்துக்கு ஓடு பதித்தபோது மேடாக்கவேண்டுமென்று ஒன்றரை அடி உயரத்துக்குச் செம்மண்ணைக் கொட்டி நிரவினார்களென்றும், தண்ணீர் வடிந்துகொண்டிருந்த பழைய வாய்க்கால் அதில் மூடுண்டு போயிற்றென்றும் தெரியவந்தது. ஆண்டுக்குச் சுமார் 3,000 மில்லிமீட்டர் மழை, மே மாதம் தொடங்கி டிசம்பர்வரை இரண்டு பருவங்களாகக் கொட்டுகிற ஊர் இது.

கடப்பாரையால் ஓரமாகத் தோண்டினோம். முழங்கை ஆழத்தில் சாக்கடை நாற்றம் எழுந்தது. சுண்டுவிரல் பருமனுள்ள ஒரு வேரைப் பிடித்து மெல்ல இழுத்ததும், ஊறவைத்த நிலக்கடலையின் தோல் போல் மேற்பட்டை கழன்று கையோடு வந்துவிட, உள்ளே நரம்பு மட்டும் நூலாகத் தொங்கியது. வேரும் சுவாசிக்கிறது, மண்ணின் இடுக்குகளில் காற்று இருக்கவேண்டிய இடத்தைத் தண்ணீர் பிடித்துக்கொண்டால் அது மூச்சுமுட்டிச் சாகிறது. அந்தச் சமயம் பார்த்து, நீரில் நீந்திவரும் வித்துக்களை உடைய பைட்டோப்தோரா போன்ற நுண்ணுயிர்கள் உள்ளே புகுகின்றன. எது புகுந்தது என்பதை ஆய்வுக்கூடத்தில்தான் அறுதியிடமுடியும். நோய்க்கு வழிவிட்டது எது என்பதை அந்தக் குழியே சொல்லிவிட்டது.

நண்பர் அடித்த மருந்துகளில் ஒன்று போர்டோ கலவை. பாக்குக் குலைகளை அழுகவைத்து உதிர்க்கும் மகாளி நோய்க்கு அதை அடித்துப் பழகிய கை அவருடையது; மகாளிக்குக் காரணமும் அந்தப் பைட்டோப்தோரா இனமே என்பதால், யோசனையில் பிழை சொல்ல முடியாது. பிரான்ஸில் போர்டோ நாட்டுத் திராட்சைத் தோட்டக்காரர்கள், வழிப்போக்கர்கள் பழம் பறிக்காதிருக்கும்பொருட்டுச் சாலையோரக் கொடிகளில் மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்து தெளித்திருக்க, அந்தக் கொடிகளில் மட்டும் நோய் அண்டவில்லை என்பதை மில்லார்டே என்ற பேராசிரியர் கவனித்து, 1885-ல் உலகத்துக்குச் சொன்னார். ஆனால் அது மேலே பூசிக்காக்கும் மருந்து. இலையில் அடித்தது பூமிக்குள் மூச்சுத்திணறும் வேருக்கு என்ன செய்யும்?

கடற்காற்றைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். நார்ஃபோக் பைன் உப்புக்காற்றைத் தாங்குவதில் பேர்போனது. அதனாலேயே சிட்னி நகரத்துக் கடற்கரைகளில் வரிசையாக நட்டிருந்தார்கள். அப்படிப்பட்ட மரங்கள் 1960-களிலும் 70-களிலும் கடலைப் பார்த்த பக்கத்தில் கருகத் தொடங்கின. உப்புதான் காரணமென்றால் அத்தனை வருஷம் எப்படி நின்றன? கடலில் விடப்பட்ட கழிவுநீரோடு துணிசோப்புத் தூளின் ரசாயனமும் கலந்து, அலைத்திவலையோடு பறந்துவந்து ஊசிகளின்மேல் படிந்திருக்கிறது. எண்ணெய்ப்பிசுக்கைக் கரைப்பதுபோலவே, இலையின் மெழுகுப்பூச்சையும் தண்ணீர் ஒட்டும்படி இளக்கிவிடும் வஸ்து அது. காலங்காலமாக வெளியே நின்ற உப்பு அதன்பின் உள்ளே போயிற்று. மேலிருந்து வரும் உப்பைத் தடுக்க மெழுகு உண்டு. வேர்வழியாக வருவதற்கு அந்தக் காவல் இல்லை. 2004 டிசம்பர் 26-ஆம் தேதி பூகம்பத்தில் தெற்கு அந்தமானின் தரை தாழ்ந்து, சிப்பிகாட் வயல்களுக்குள் கடல் நிரந்தரமாகப் புகுந்தபோது தென்னைகள் நின்ற நிலையில் பட்டுப்போனதை இந்த ஊர்க்காரர்கள் மறக்கவில்லை. வடக்கு அந்தமானிலோ தரை உயர்ந்து, ஓதநீர் எட்டாமல் அலையாத்தி மரங்கள் செத்தன.

சிகிச்சை சொற்பந்தான். கொட்டிய மண்ணை அடிமரத்தைச் சுற்றி நான்கு முழம் அகலத்துக்குக் கையாலும் சிறு கொத்தாலும் வாரியெடுத்து, பழைய வேர்ப்புடைப்பு வெளியே தெரியும்படி செய்தோம். ஓடுகளில் ஒரு வரிசையைப் பெயர்த்து வாய்க்காலைத் திறந்தோம். உரம் கூடாது, உச்சியைக் கிள்ளக்கூடாது, ஜனவரி முதல் ஏப்ரல்வரை வறட்சியில் மட்டும் மண் காய்ந்தபின் தண்ணீர் என்று சொல்லிவைத்தேன். முழுதும் காய்ந்த கிளைகளை அறுத்தோம். நார்ஃபோக் பைனாக இருந்தால் அந்த இடம் என்றைக்கும் மொட்டையாகவே நிற்கும். அதைச் சொன்னதும் நண்பரின் முகம் வாடிற்று.

குக் பைன் தன் பழைய கிளைகளை உதிர்த்துவிட்டு, அடிமரத்திலிருந்தே குட்டைக் கிளைகளைப் புதிதாக விடும் வழக்கமுடையது. ஏழு மாதம் கழித்து அவர் அனுப்பிய படத்தில், அறுத்த தழும்புக்குப் பக்கத்தில் விரல் நீளத்தில் இரண்டு பச்சைத் தளிர்கள் இருந்தன. மரம் இன்னும் தெற்கே சாய்ந்துதான் நின்றது. அவிழ்த்த கயிற்றில் வேட்டி காய்ந்துகொண்டிருந்தது.