மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் ஒரு பள்ளிக்கூடம்

எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்திவிடும் பெண் பிள்ளைகளைப் பற்றிப் பேச்சு வந்தால், பெற்றோருக்கு விழிப்புணர்வு போதாது என்று சொல்லி முடித்துவிடுகிறோம். பீகாரில் நடந்ததைப் பார்த்தபின் அந்தப் பதிலை என்னால் ஏற்க முடியவில்லை. 2001 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி அந்த மாநிலத்தில் எழுதப் படிக்கத் தெரிந்த பெண்கள் 33 விழுக்காடுதான். தொடக்கப்பள்ளி பல ஊர்களில் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. ஒன்பதாம் வகுப்புக்கோ பல ஊர்ப் பிள்ளைகள் வயல்களைத் தாண்டி அடுத்த ஊருக்குப் போகவேண்டும். பெண் வயதுக்கு வரும் பருவமும் அதுதான். ஆளரவமற்ற சாலையில் மகள் தனியாகப் போய்வர வேண்டும், நேரம் தப்பினால் ஊர் வாய்க்குப் பதில் சொல்ல வேண்டும் என்று நினைக்கும் தாய்க்குப் படிப்பின் அருமை தெரியாது என்று யார் சொல்வது? அவளுடைய அச்சத்துக்குக் காரணம் இருந்தது. அந்தக் காரணத்தை விட்டுவிட்டு அவளுக்கு அறிவுரை சொல்வதில் பயனில்லை.

2006இல் நிதிஷ் குமார் அரசு கைவைத்தது அந்தக் காரணத்தின் மீது. ஒன்பதாம் வகுப்பில் சேரும் மாணவிக்குச் சைக்கிள் வாங்க 2000 ரூபாய். விலையில்லா மிதிவண்டி தமிழ்நாட்டு வாசகர்களுக்குப் புதிதல்ல. ஆனால் பீகார்த் திட்டத்தைப் பொருளாதார அறிஞர்கள் கார்த்திக் முரளிதரனும் நிஷித் பிரகாஷும் துருவித் துருவி ஆராய்ந்திருக்கிறார்கள். மாணவிகளை மாணவர்களோடும், திட்டத்தின் பலன் கிடைத்த வயதினரை அவர்களைவிடச் சற்று மூத்தவர்களோடும், பீகாரை 2000இல் அதிலிருந்து பிரிந்த ஜார்கண்டோடும் ஒப்பிட்டார்கள். சாலைகள் மேம்பட்டதாலோ பொதுவாக வருமானம் கூடியதாலோ வந்த மாற்றத்தைச் சைக்கிளின் கணக்கில் எழுதிவிடக் கூடாதே என்பதற்காகத்தான் இத்தனை ஒப்பீடு. 2017இல் வெளியான முடிவுகளின்படி, உரிய வயதில் உயர்நிலைப் பள்ளியில் சேர்ந்த பெண்களின் அளவு 32 விழுக்காடு உயர்ந்தது. ஆண் பெண் இடைவெளி 40 விழுக்காடு குறைந்தது. பலன் அதிகம் தெரிந்த இடம், பள்ளி மூன்று கிலோமீட்டரோ அதற்கு மேலோ தள்ளியிருந்த ஊர்கள். தடை எங்கே இருந்தது என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சியம் கிடைப்பது அரிது.

அந்த ஆய்வில் இன்னொரு செய்தி உண்டு; என் பார்வையில் அதுதான் முக்கியமானது. செலவான ஒவ்வொரு ரூபாய்க்கும் கிடைத்த பலனைப் பார்த்தால், தெற்காசியாவில் பெண் கல்விக்காகக் குடும்பங்களுக்கு ரொக்கமாகப் பணம் கொடுத்த திட்டங்களைவிடச் சைக்கிள் திட்டம் மேலாக இருந்தது. ஏன் என்று யோசித்துப் பார்க்கலாம். ஒரு பெண்ணுக்கு மட்டும் சைக்கிள் கிடைத்தால் ஊர் அவளை வேடிக்கை பார்க்கும், பேசவும் செய்யும். வகுப்பில் இருக்கும் அத்தனை பெண்களுக்கும் ஒரே நேரத்தில் கிடைத்தால், காலையில் ஏழெட்டுப் பேர் மணியடித்துக்கொண்டு ஒன்றாகக் கிளம்புவார்கள். சீண்ட நினைப்பவன் தயங்குவான். இரண்டொரு மாதத்தில் அது ஊரின் அன்றாடக் காட்சியாகிவிடும். சேர்ந்து போவதால் வந்த பாதுகாப்பும், பெண் ஊர் எல்லையைத் தாண்டக்கூடாது என்ற கட்டு தளர்ந்ததும் பணமதிப்பைத் தாண்டிய பலனைத் தந்திருக்கக்கூடும் என்று ஆய்வாளர்களும் கருதுகிறார்கள்.

சைக்கிள் கிடைத்ததும் பள்ளியில் பேர் எழுதிக்கொள்வார்கள், படிக்கவா போகிறார்கள் என்று கேட்பவர்கள் உண்டு. பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு எழுதிய பெண்கள் 18 விழுக்காடும், தேறியவர்கள் 12 விழுக்காடும் கூடினார்கள் என்பது அதற்குப் பதில். இந்த இரண்டு எண்களுக்கும் இடையே உள்ள வித்தியாசம், வகுப்பறைக்குள் கற்பித்தல் போதவில்லை என்பதையும் சேர்த்தே காட்டுகிறது. அதை மறைக்க வேண்டியதில்லை. ஊருக்கு ஊர் உயர்நிலைப் பள்ளி கட்டுவதே முறை என்பதும் நியாயமான வாதம்தான். ஆனால் கட்டடம் எழும்பி ஆசிரியர் வந்து சேர ஆண்டுகள் பிடிக்கும். பதின்மூன்று வயதுப் பெண்ணின் படிப்பு அதுவரை காத்திருக்காது.

வலுவான மறுப்பு வேறு. தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, 20 முதல் 24 வயதுப் பெண்களில் 18 வயதுக்குள் மணமானவர்கள் பீகாரில் 2015-16இல் 42.5 விழுக்காடு, 2019-21இல் 40.8. பள்ளிக்கூட வாசல் வரை வந்த மாற்றம் கல்யாணப் பேச்சில் கிட்டத்தட்ட நின்றுபோயிருக்கிறது. 2018இல் தொடங்கிய கன்யா உத்தான் திட்டம், மணமாகாமல் பன்னிரண்டாம் வகுப்பு தேறும் பெண்ணுக்குப் பணம் தருகிறது. நல்லதுதான், ஆனால் வரன் வந்து நிற்கும்போது வீட்டில் நடக்கிற பேச்சில் அந்தப் பெண்ணின் பக்கம் நின்று பேச ஒருவர் வேண்டும். பணத்தால் அந்த வேலையைச் செய்ய முடியாது.

யார் செய்ய முடியும் என்பதற்கு வங்கதேசத்தில் விடை இருக்கிறது. அங்கே பாப்புலேஷன் கவுன்சில் என்ற அமைப்பு நடத்திய 'பாலிகா' திட்டத்தில், 12 முதல் 18 வயதுப் பெண்கள் வாராவாரம் தங்கள் ஊரிலேயே கூடினார்கள். வழிகாட்டப் பெண்கள் இருந்தார்கள். சில ஊர்களில் பாடம் சொல்லிக் கொடுத்தார்கள், சிலவற்றில் உரிமைகளைப் பற்றிப் பேசினார்கள், சிலவற்றில் தொழில் பழக்கினார்கள். இளவயதுத் திருமணம் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு வரை குறைந்தது. இந்தியாவுக்கும் இந்த வேலை புதிதல்ல. 1988-89இல் தொடங்கி, பின்னர் பீகாருக்கும் வந்த மகிளா சமாக்யா திட்டம், ஊர்ப் பெண்களைச் சங்கங்களாகத் திரட்டி, படிப்பை விட்ட பெண் பிள்ளைகளுக்குத் தங்கிப் படிக்கும் மையங்களையும் நடத்தியது. பின்னாளில் அந்தத் திட்டத்துக்கு மத்திய அரசின் நிதி நின்றுபோனது. பெரும் இழப்பு என்றே சொல்வேன். சைக்கிளை எண்ணிக் கணக்குக் காட்டலாம், வாரக் கூட்டத்தை அப்படிக் காட்ட முடியாது என்பதால் நிதி ஒதுக்கும்போது அது எளிதில் விடுபடுகிறது. பள்ளியில் வாரம் ஒரு மணி நேரம், அந்தப் பெண்களை வழிநடத்த ஊரிலேயே படித்த ஒரு பெண், அவளுக்கு மாதச் சம்பளம்: சைக்கிளுக்கு ஒதுக்கும் அதே பட்ஜெட்டில் இவற்றையும் அரசு ஒரு செலவினமாகச் சேர்க்க வேண்டும்.