நிவாரணம் கிடங்கில் தொடங்குகிறது

புது தில்லி: இயற்கைப் பேரிடரின்போது மீட்புப் படையினர் எத்தனை மணி நேரத்தில் சென்றடைந்தனர் என்பது நாடாளுமன்றத்தில் விவாதிக்கப்படுகிறது. வீடிழந்தோருக்கான கூடாரங்கள் எங்கே, எந்த நிலையில் இருப்பு வைக்கப்பட்டிருந்தன என்பது அந்த அளவுக்குப் பேசப்படுவதில்லை.

2005 அக்டோபர் 8-ம் தேதி காஷ்மீரை உலுக்கிய நிலநடுக்கம் இதன் அவசியத்தை உணர்த்தியது. எல்லைக் கட்டுப்பாட்டுக் கோட்டின் இருபுறமும் வீடுகள் தரைமட்டமாயின. இந்தியப் பகுதியில் உரி, தங்தார் வட்டாரங்கள் கடுமையாகப் பாதிக்கப்பட்டன. பனிக்காலம் நெருங்கிய வேளையில், குளிர் தாங்கும் கூடாரங்களுக்கு உலக அளவில் தட்டுப்பாடு ஏற்பட்டது. பேரிடருக்குப் பிறகு வாங்கிக் கொள்ளலாம் என்ற எண்ணம் எத்தனை ஆபத்தானது என்பது அப்போது புலப்பட்டது.

சட்டம் சொல்வது: அதே ஆண்டு நிறைவேறிய பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின் 12-வது பிரிவு, தங்குமிடம், உணவு, குடிநீர், மருத்துவம் ஆகியவற்றுக்குக் குறைந்தபட்சத் தரங்களை வகுக்கும் பொறுப்பைத் தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையத்திடம் ஒப்படைத்தது. முகாமில் ஒருவருக்கு 3.5 சதுர மீட்டர் கூரையிட்ட இடம் வேண்டும் என்ற வரையறை 2016-ல் வெளியானது. தற்காலிகக் குடியிருப்புகளுக்கான தனி வழிகாட்டுதல்கள் 2019-ல்தான் வந்தன.

இருப்பு விஷயத்திலும் இதே தாமதம். நிவாரணப் பொருள்களை முன்கூட்டியே சேமிக்க ரூ. 250 கோடி சுழல்நிதியுடன் திட்டமிடப்பட்ட தேசியக் கையிருப்பு செயல்பாட்டுக்கு வரவில்லை என்று மத்திய தணிக்கைத் துறை 2013-ல் சுட்டிக்காட்டியது.

பராமரிப்பே சவால்: வாங்கிக் குவிப்பதால் மட்டும் பயனில்லை. ஈரம் உலராமல் மடிக்கப்பட்ட கான்வாஸ் துணி பூஞ்சை பிடித்து இற்றுப்போகும். எலிகளும் மிச்சம் வைப்பதில்லை. கம்பமோ முளையோ கயிறோ காணாமற் போனால் முழுக் கூடாரமும் பயனற்றது. தரையிலிருந்து உயர்த்தி, காற்றோட்டத்துடன் அடுக்கி, அவ்வப்போது விரித்துப் பார்த்துச் சரிசெய்யும் ஆள்கள் கிடங்குக்குத் தேவை.

ஒடிசா வேறொரு வழியைக் காட்டுகிறது. 1999 பெரும்புயலுக்குப் பின் அங்கு கட்டப்பட்ட புயல் பாதுகாப்பு மையங்கள் பல, சாதாரண நாள்களில் பள்ளிகளாக இயங்குகின்றன. அன்றாடம் புழங்கும் கட்டடத்தின் பழுது உடனே கண்ணில்படும்.

'தற்காலிகம்' என்ற சொல்லுக்கும் கால வரம்பு வேண்டும். 2004 சுனாமிக்குப் பின் அந்தமான் - நிகோபார் தீவுகளில் அமைக்கப்பட்ட தகரக் குடியிருப்புகளின் புழுக்கத்தில் பல குடும்பங்கள் ஆண்டுக்கணக்கில் காலந்தள்ள நேர்ந்தது.

நிவாரணத்தின் முதற்பொறுப்பு மாநில அரசுகளுடையது. மாவட்டப் பேரிடர் மேலாண்மை ஆணையத்தின் தலைவர் ஆட்சியர். எனவே, வெள்ளம் வடிந்தபின் நிதி கேட்டு தில்லிக்கு மனு அனுப்புவதற்கு முன், மழைக்காலத்துக்கு முந்தைய கிடங்குப் பதிவேட்டைக் கேட்டுப் பெறுவது மக்கள் பிரதிநிதிகளின் கடமையாகும்.